வெள்ளச்சி அடுப்பு மூட்டிய வீடு

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு வெள்ளச்சி குடிவருவதற்கு முன்பே இரண்டு வீடுகளில் அவளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவள் விறகடுப்பு எரித்தாள்.

கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அடுத்த ஒரு சிற்றூர் அவளுடையது. மகள் தமிழ்ப்ரியாவைக் கீழே படிக்கவைப்பதற்காகப் புருஷன் ஆண்டியோடு இறங்கி வந்தவள். ஆண்டிக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. இவள் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் துலக்கினாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மகளை விடுதியில் சேர்த்துவிட்டு இருவரும் குடகுக்குப் போய்விடுவார்கள்.

நான் அடுத்த வீட்டுக்காரன். இங்கே எழுதுவதில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம். மற்றதெல்லாம் வெள்ளச்சியும் சம்பந்தப்பட்ட மற்றவர்களும் சொன்னது. தனித்தனியே கேட்டு, ஒத்துவந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். மலையில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்த பேச்சு மட்டும் அவள் ஒருத்தி சொன்னபடி.

எங்கள் தெருவிலும் அதே பிரச்சினை வந்தது. வீட்டுக்காரம்மா சுவரைக் காட்டிக் கத்தியது என் வீட்டுக்குள் கேட்டது.

"ஏம்மா, வெள்ளையடிச்சி வருசம்கூட ஆவல. செவுத்தைப் பாரு, சுடுகாடு மாரி கீது. கேஸ் வெச்சிக்கினு இன்னாத்துக்கு வெறகு?"

"கேஸ்ல கேவுருக் களி கிண்டினா அடுப்பே ஆடுதுங்க."

"ஆடினா ஆடட்டும். எஞ் செவுரு கருக்கக் கூடாது."

"இவருக்குக் குளுரு தாங்காதுங்க. அடுப்புக்கிட்ட படுத்தாத்தான் தூக்கம் வருது."

"கள்ளக்குறிச்சில எங்கம்மா குளுரு? ஃபேனு இல்லாம எங்களுக்கு மூச்சே வுடமுடியல!"

தெருவே சிரித்தது. ஆண்டியும் கூடச் சிரித்தான். வெள்ளச்சி சிரிக்கவில்லை. அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அடுப்ப அணைன்னு யாரும் சொல்லாத ஒரு வூடு வேணுங்க ஐயா. ஒரு ரூமா இருந்தாலும் போதும்" என்று என்னிடம் அன்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

அவள் ஊரில், அவள் பார்த்த வரைக்கும், வீடு கைமாறுவது இப்படித்தான். வாங்குகிறவர்கள் தங்கள் பழைய அடுப்பின் மூன்று கற்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊர்ப் பெரியவரும் உறவுக்காரர்களும் பார்க்க, புது வீட்டில் அந்தக் கற்களை வைத்து அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவார்கள். அடுப்பு எரிந்துவிட்டால் வீடு அவர்களுடையது. அதற்கு மேல் யாரும் காகிதம் கேட்பதில்லை. அப்படி மூட்டிய அடுப்பை இன்னொருவன் எடுத்துப் போட்டான் என்று அவள் கேள்விப்பட்டதே கிடையாது.

வீடு ஒன்று இருக்கிறது என்று வந்து சொன்னவன் அவளுடைய தம்பி வேடியப்பன். கரியாலூரில் இருக்கிறான். அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு நாட்டுக்கோழி அடித்துச் சமைத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. கொஞ்ச காலமாகக் கலைவாணன் என்ற வீட்டுமனைத் தரகரோடு திரிந்துகொண்டிருந்தான். சிவப்பு நிறத்தில் ஒரு புது பைக் வந்திருந்தது.

"அக்கா, கச்சிராயபாளையம் ரோட்ல புது மனைப்பிரிவு. ஒரு ஹாலு, ஒரு ரூமு, சமையக்கட்டு. ஓனரு வெளியூரு. எல்லாம் கலைவாணன் சாரு பாத்துக்குவாரு."

"வெறகு எரிக்கலாமாடா?"

"உன் வூட்ல நீ வெறகு எரி, வைக்கோலு எரி. எவன் கேப்பான்?"

ஐப்பசியில் ஒரு நல்ல நாளில் வெள்ளச்சி அந்த வீட்டில் அடுப்பு மூட்டினாள். மாமியார் காலத்துக் கற்கள் மூன்றும் மலையிலிருந்து பஸ்ஸில் வந்தன. ஒன்றில் ஓரம் உடைந்திருக்கும். பழக்கமான கை அந்த உடைந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத்தான் வைக்கும். கலைவாணன் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பால் பொங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இனிமே இது உங்க வூடும்மா. பத்திரம் ஆபீஸ் வேலை, அது நடக்கறப்ப நடக்கும். அடுப்பு எரிஞ்சிச்சா இல்லியா? அதான் முக்கியம்."

வெளியூர் ஆள் ஒருவன் நம் ஊர் வழக்கத்தை இவ்வளவு அறிந்து பேசுகிறானே என்று வெள்ளச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகு விற்றது, கூலி, காதுத் தோடு எல்லாம் சேர்ந்த பணத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். பிள்ளைக்குத் தாய்மாமன் கையால் போனால்தான் நிலைக்கும் என்பது அவள் எண்ணம். தம்பி அதை வெளியே எடுத்துப்போய்க் கலைவாணனிடம் கொடுத்தான். கொல்லைக் கதவைத் திறக்கப் போனவளை வேடியப்பன் தடுத்தான். செப்டிக் டேங்க் மூடியில்லாமல் கிடக்கிறது, விழுந்து வைக்காதே என்றான்.

எனக்கு வெல்லமும் பொட்டுக்கடலையும் கொண்டுவந்து கொடுத்தாள். பத்திரம் எப்போது என்று கேட்டேன்.

"கொடகுலேந்து வந்ததும்ங்க ஐயா."

"பணத்துக்கு எழுத்து ஏதும் வாங்கினியா?"

"அடுப்பு எரிஞ்சிதுங்களே. எல்லாரும் பாத்தாங்களே."

 பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தம்பியிடம் கேட்கிறேன் என்றாள். தம்பி என்ன சொன்னான் என்று தெரியாது. சாமான்களை மலையில் போட்டுவிட்டு, சாவியைத் தம்பியிடமே விட்டுவிட்டு அவர்கள் குடகுக்குப் போய்விட்டார்கள்.

காப்பி முடிந்து, மிளகும் பறித்து முடித்து, சித்திரையில்தான் திரும்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் மூட்டையோடு நேரே அந்த வீட்டுக்கு நடந்தார்கள்.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

தம்பி தங்களுக்காக ஏற்பாடு செய்திருக்கிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். "பாத்தியா, எம் மச்சான!" என்று ஆண்டி சொன்னானாம். உள்ளே ஆட்கள், பிள்ளைகள், வாசலில் கோலம். பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்தாள். பாரதி என்று பெயர். வெள்ளிமலைப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் பச்சமுத்து உள்ளே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான்.

"வாங்க, வாங்க. எந்த ஊரு நீங்க? மூட்டையை இப்பிடி வெச்சிட்டு உக்காருங்க."

"நீங்க யாருங்க?" என்றாள் வெள்ளச்சி.

"நல்லாக் கேட்டீங்க! எங்க வூட்டுக்கு வந்துட்டு எங்கள யாருன்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டி பதில் சொல்ல வாய் திறந்தான். வெள்ளச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். விசேஷ வீட்டில் வாய்த்தகராறு வேண்டாம், ஏதோ தவறு நடந்திருக்கிறது, முதலில் கால் கழுவுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. போனாள்.

செப்டிக் டேங்க் மூடி சரியாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில், மதில் ஓரமாக, கற்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் கரி பிடித்த அடுப்புக் கற்கள். மேலே கிடந்தவை அவளுடையவை. உடைந்த ஓரம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அவற்றின் கீழே வேறு கற்கள். அவற்றின் கீழே இன்னும் வேறு.

அவள் போட்ட சத்தத்தில் உள்ளே பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை என்று பச்சமுத்து சொன்னான். எல்லோரும் கொல்லைக்கு ஓடினார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மலைக்காரர்கள்தானே எல்லோரும். பாரதியின் மாமியார் குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, இத்தினி குடும்பமா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மும்மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, குவியலில் மட்டும் நான்கு அடுப்புகள் இருந்தன. ஐந்தாவது உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு இந்த வூட்டைக் காட்டினது அஜித்குமார்னு ஒரு பையன்" என்றாள் பாரதி.  "நம்ம ஆளுதான்னு நம்பிட்டோம். செவப்பு பைக்குல வருவான். பொருவத்துல ஒரு தழும்பு, பாதி முடி இருக்காது. பணத்தை அவன் கையிலதான் குடுத்தோம். நேத்தே சாவியக் குடுத்துட்டுப் போயிட்டான்."

வெள்ளச்சி ஆண்டியைப் பார்த்தாள். ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். வேடியப்பனின் புருவத் தழும்பு இருவருக்கும் தெரியும்.

கலைவாணனின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. போன் அணைந்திருந்தது. வெள்ளச்சி எல்லோரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். புகார் கொடுக்க வேண்டும், கூட வாருங்கள் என்று பச்சமுத்து கேட்டான். மறுநாள் காலை குற்றப்பிரிவு அலுவலகத்துக்கு அவர்களோடு போனேன். அங்கே நடந்ததை நான் பார்த்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ரம்யா இளவயதுக்காரர். எல்லோரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, பொறுமையாகக் கேட்டார். வீட்டு எண்ணை வைத்து உண்மையான சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, எங்கள் முன்னாலேயே போனில் பேசினார். அவர் ஓசூரில் வேலை பார்ப்பவர். அவர் குரல் மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"விக்கிறதா? யாரு மேடம் சொன்னது? வாடகைக்கு ஆள் பாக்கச் சொல்லித்தான் சாவி குடுத்தேன். இத்தினி மாசமா ஆளே வரலன்னு சொல்லிக்கினு இருந்தான்!"

ஐந்து குடும்பங்களில் யாராவது ஒரு குடும்பத்துக்காவது அந்த வீடு உண்டு என்றுதான் அதுவரை இந்த இரண்டு குடும்பத்தாரும் நினைத்துச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்கள். யாருக்குமே இல்லை. பச்சமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். 

"கலைவாணன் பேர்ல ஒரு எழுத்தும் இல்ல" என்றார் ரம்யா. "பணத்தைக் கையில வாங்கினவன் கெடைச்சாத்தான் அவனைப் பிடிக்க முடியும். இந்த அஜித்குமாருங்கறது யாரு? நெசமான பேரா? எந்த ஊரு? உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

பாரதிக்குத் தெரியவில்லை. பச்சமுத்துவுக்குத் தெரியவில்லை. ரம்யா வெள்ளச்சியைப் பார்த்தார்.

"உங்களுக்கும்மா?"

"நாளைக்கு வந்து சொல்றங்கம்மா" என்றாள் வெள்ளச்சி.

"எதுக்கு நாளைக்கு? யாராவது மெரட்டினாங்களா?"

"இல்லங்கம்மா. நாளைக்கு வரேன்."

வெளியே வந்ததும் பாரதி பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுது. தெரிஞ்சிக்கினு வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு நிக்கற. நீ வேணா ஏமாந்துட்டுப் போ. நாங்க ஆடு மாடு எல்லாத்தையும் வித்துக் குடுத்துட்டு நிக்கறோம்." வெள்ளச்சி பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். ஆண்டியைக்கூட வேண்டாம் என்றுவிட்டு ஒருத்தியாக மலைக்கு ஏறினாள்.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போதுதான் அந்த நினைப்பு வந்ததாம். தன் கற்கள் குவியலுக்கு மேலே கிடந்தன. பாரதிக்காக அவற்றை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சரி. ஆனால் கீழே கிடந்தவை? அவை தன் கற்களுக்கு முன்னால் போடப்பட்டவை. தான் அடுப்பு மூட்டிய அன்று அவை அங்கேதான் கிடந்திருக்கின்றன. கொல்லைக் கதவைத் திறக்கவிடாதது தம்பி.

வேடியப்பன் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"கொடகுலேந்து எப்பக்கா வந்த?"

"எங் கல்லுக்கு முன்னாடி கொல்லையில கெடந்த கல்லு யாரோடதுடா?"

அவன் கீழே போட்ட துணியை எடுக்கக் குனிந்தான். அவள் திரும்பக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அவன் சொன்னான்.

கலைவாணன் நண்பர்களோடு அருவிக்கு வந்திருந்தபோது வேடியப்பன் மூன்று கல் வைத்துக் கோழி சமைத்திருக்கிறான். அடுப்பைப் பார்த்துக் கலைவாணன் ஏதோ கேட்க, இவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: எங்க ஊர்ல அடுப்பு மூட்டிட்டா வூடு அவங்களுது சார், பத்திரமெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த வாரமே கலைவாணன் திரும்பி வந்தான், தனியாக. அடுப்பு மூட்டிய கையோடு பருவ வேலைக்கு வெளியூர் போய்விடும் குடும்பங்களாகப் பார்த்துக் காட்டச் சொன்னான்.

"மொத ஆளுக்கு நெசமாவே வூடுன்னுதான் நெனச்சேன்க்கா. ரெண்டாவது ஆள் வந்தப்பதான் கல்லை எடுத்துப் போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. அப்பதான் சொன்னாரு, கடைசியா ஒருத்தருக்கு நெசமாப் பத்திரம் பண்ணிக் குடுத்துடலாம், மத்தவங்களுக்கு மெதுவாத் திருப்பிக் குடுத்துடலாம், அந்த ஒருத்தரு யாருன்னு நீயே சொல்லுன்னு."

"நீ யாரச் சொன்ன?"

"உன்னத்தான்."

"அதுக்காகவா மத்தவங்க கல்லைத் தூக்கிப் போட்ட?"

"நீ எத்தினி வூட்ல பேச்சு வாங்கின! நான் பாத்துக்கினு இருக்கறதா?"

அக்காவுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக அவன் இதைச் செய்தான். பைக்குக்காகவும் செய்தான். இரண்டும் உண்மை என்றுதான் வெள்ளச்சி என்னிடம் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"கலைவாணன் சாரு நேத்து வேற நம்பர்லேந்து பேசினாரு" என்றான். "கேசு மட்டும் வேணாம், உன் அக்காவுக்குப் பத்திரம் கட்டாயம்னாரு. நீ பேரு மட்டும் சொல்லாதக்கா. வூடு உனக்கு வந்துடும்."

"அந்த வூடு ஓசூர்க்காரரோடதுடா. அவருக்கு வூடு விக்கற எண்ணமே இல்ல. வாடகைக்கு வுடத்தான் சாவி குடுத்தாராம். எங் காதால கேட்டேன்."

வேடியப்பனுக்கு அது அதுவரை தெரியாது.  பைக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப அவரு போயிடுவாரு. நான் மட்டும் மாட்டுவனா?"

"நீயா வந்து சொல்லு. அந்தாளு பேசின நம்பரக் குடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"வரேன்க்கா. காலைல மொத பஸ்ஸுக்கு வரேன். சத்தியமா. நீ முன்னால போ."

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் குற்றப்பிரிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் பஸ் வந்துவிட்ட நேரம் தாண்டியது. அடுத்த பஸ்ஸும் வந்திருக்கும். வாசலில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அவள் எட்டிப் பார்த்தாள். ஆண்டி ஒருமுறை போன் செய்து பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இன்னா, இன்னிக்கும் நாளைக்கா?" என்றாள் பாரதி.

வெள்ளச்சி எழுந்து உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"அஜித்குமார் இல்லங்கம்மா அவன் பேரு. வேடியப்பன்" என்றாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எந் தம்பி. கூடப் பொறந்தவன்."

 பாரதி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அஜித்குமாரும் அவள் தம்பியும் ஒருவன்தான் என்று எனக்கும் அப்போதுதான் தெரியும். முந்தின நாள் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது புரிந்தபோது, அன்று அவளைப் பற்றி நான் தவறாக நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

மலையில் அவன் சொன்ன எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொன்னாள். கற்களை எடுத்துப் போட்டது, பெயரை மாற்றிச் சொன்னது, கலைவாணன் வேறு நம்பரிலிருந்து பேசியது. தனக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று அவன் நினைத்ததையும் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ரம்யா எழுதிக்கொண்டார்.

"வூட்டு அடையாளம்?"

"கரியாலூர்ல தண்ணி டேங்குக்குப் பின்னாடி, தகரம் போட்ட வூடுங்க. வாசல்ல செவப்பு பைக்கு நிக்கும்."

"எப்ப போனா ஆள் இருப்பான்?"

"எங்க சுத்தினாலும் மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கு வந்துடுவாங்கம்மா." அவர் எழுதி முடித்ததும் சொன்னாள்: "சாப்ட்டு முடிச்சதும் கூப்புடுங்க. பாதி சோத்துல எழுப்பாதீங்க."

அன்றே ஜீப் மலைக்குப் போயிற்று. வேடியப்பனின் போனில் இருந்த அந்த நம்பரை வைத்து, அந்த வாரத்திலேயே கலைவாணனை ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். வழக்கு நடக்கிறது. பணம் எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்பது இதை எழுதும் நாள்வரை யாருக்கும் தெரியாது. தம்பி பெண்டாட்டி வெள்ளச்சியோடு பேசுவதில்லை. மலையில் நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் வேடியப்பனைக் கொண்டுவந்தபோது நாங்கள் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருந்தோம். ஜீப்பிலிருந்து இறங்கிய அவன் அக்கா பக்கம் திரும்பாமலே உள்ளே போனான். பின்னால் இறங்கிய வயதான காவலர் ஒருவர் மட்டும் அவளிடம் வந்து நின்றார். அவள் எழுந்து நின்றாள்.

"சாப்ட்டான்மா" என்றார்.